நரம்பு மாத்திரை என்றொரு மருந்து இல்லை

(நீண்ட பதிவு. மொழியியல், மருந்தியல், சமூகப்பணி பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

வலிப்பு நோயுடன் வாழ்வோரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் மனச்சோர்வாலும் துன்புறுகிறார் என்று 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே, வலிப்பு மருந்தும் மனச்சோர்வு மருந்தும் ஒரே உடலில் சந்திப்பது அரிய நிகழ்ச்சி அன்று. அந்தச் சந்திப்பில் நேரக்கூடிய தீங்குகளுள் பெரும்பாலானவை மருந்தியலார் நெடுங்காலமாக அறிந்தவை. பாடநூல்களில் அட்டவணையாக அச்சிடப்பட்டவை. ஆயினும் அவை தொடர்கின்றன. ஏன்?

மருத்துவர் அறியாமை, நோயாளி அலட்சியம் என்னும் இரண்டு விடைகளே வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் போதாதவை என்பது என் கருத்து. ஒரு மருந்தின் பெயர், மற்றொரு மருந்தை எழுதும் மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. மருந்தியல் சிக்கலாக நமக்குத் தோன்றுவது, அதற்கு ஒரு படி முன்னதாகவே மொழிச் சிக்கலாகத் தொடங்கிவிடுகிறது.

முதலில் உடலுக்குள் நிகழ்வதைச் சுருங்கப் பார்ப்போம். நாம் விழுங்கும் மருந்துகளிற் பலவற்றைச் சிதைத்து வெளியேற்ற உதவுவது கல்லீரலிலுள்ள சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம். ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டாயின், கார்பமாசெப்பின் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் இந்நொதிகளைப் பெருக்குகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அப்பெருக்கம் முழுமை பெறும். அதன்பின் அதே உடலுக்குள் வரும் செர்ட்ராலின், மிர்ட்டாசப்பின், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் விரைவாகச் சிதைகின்றன. நோயாளி நாள் தவறாமல் மாத்திரை உண்கிறார். குருதியில் அதன் அளவோ போதவில்லை. "இந்த மருந்துக்கு இவர் கட்டுப்படவில்லை" என்று குறிப்பெழுதி மருத்துவர் வேறொன்றுக்கு மாறுகிறார். பின்னொரு நாள் கார்பமாசெப்பின் நிறுத்தப்பட்டால், நொதிகள் தம் பழைய நிலைக்குத் திரும்ப, கூட்டப்பட்ட மனச்சோர்வு மருந்தின் அளவு திடீரென மிகுகிறது.

எதிர்த்திசையிலும் இது நிகழும். ஃப்ளுவாக்செட்டின், ஃப்ளுவாக்சமின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் சில நொதிகளைத் தடுப்பவை. ஃபெனிட்டாயின் உண்பவருக்கு இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் ஃபெனிட்டாயினின் அளவு உயரக்கூடும். இதில் ஒரு கூடுதல் இடர் உண்டு. ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் திறனுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பை நெருங்கியவருக்கு ஒரு சிறு தடையே பெரும் ஏற்றத்தை விளைவிக்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடும். பார்ப்பவர் பக்கவாதம் என்று அஞ்சுவர். சிலர் குடித்திருக்கிறார் என்றும் எண்ணுவர். ஃப்ளுவாக்செட்டினை நிறுத்தினாலும் அதன் சிதைபொருள் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் விளைவு உடனே தீராது.

மூன்றாவது வகையில் நொதிக்கு வேலையில்லை. இரு மருந்துகளும் ஒரே திசையில் இழுக்கின்றன. கார்பமாசெப்பினும் ஆக்ஸ்கார்பசெப்பினும் குருதியில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவையும் அவ்வாறே. முதியவர் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தால் குழப்பமும் தளர்ச்சியும் வரலாம். சோடியம் மிகவும் தாழ்ந்தால் வலிப்பே வரலாம். அதைக் கண்டு வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டினால் சோடியம் மேலும் தாழும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுவது ஓர் எளிய குருதிப் பரிசோதனை. அதைச் செய்யத் தோன்றுவதற்கு இரண்டு மருந்தும் ஒருவர் கண்ணில் ஒருசேரப் பட வேண்டும், அவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். "வலிப்பு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தே ஆகாது" என்னும் பொதுக்கருத்தும் தீங்கானது. புப்ரோப்பியான் வலிப்பு நோயாளிகளுக்குத் தவிர்க்கப்பட வேண்டியது. குளோமிப்ரமின் போன்றவற்றில் மிகுந்த கவனம் தேவை. ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அளிக்கப்பட்ட சோதனைத் தரவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஒரு கட்டுரை, இன்று பரவலாகத் தரப்படும் மனச்சோர்வு மருந்துகளிற் பெரும்பாலானவற்றை உண்டவர்களிடம், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட வலிப்பு குறைவாகவே பதிவாகியிருந்ததைக் காட்டியது. அதே ஆண்டில் டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, வலிப்பு நோயாளிகளிடையே தற்கொலைக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. மருந்துகள் மோதுமோ என்று அஞ்சி மனச்சோர்வைச் சிகிச்சையின்றி விட்டுவிடுவதும் உயிரோடு விளையாடுவதே. மருத்துவருக்குத் தேவை தக்க இணையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. அத்தேர்வுக்கு முதல் தேவை, பெயர்.

இனி, என் துறைக்கு வருகிறேன்.

தமிழகத்தின் எந்த ஊர் மருந்துக்கடையிலும் "நரம்பு மாத்திரை" என்னும் தொடரைக் கேட்கலாம். அது ஃபெனிட்டாயினாக இருக்கலாம், அமிட்ரிப்டிலினாக இருக்கலாம், வெறும் பி12 வைட்டமினாகவும் இருக்கலாம். "தூக்க மாத்திரை" என்பதோ ஃபீனோபார்பிட்டாலிலிருந்து மிர்ட்டாசப்பின் வரை எதையும் குறிக்கும். நோயின் பெயர்களும் இப்படித்தான். "இழுப்பு" ஓரிடத்தில் வலிப்பு, மற்றோரிடத்தில் மூச்சிரைப்பு. "கால்கை வலிப்பு" பேச்சில் மருவிக் "காக்காய் வலிப்பு" ஆயிற்று என்பர். மருவிய வடிவம் நோயாளியை நகைப்புக்குரியவராக்கியது. "மன அழுத்தம்" என்று நாளிதழ்கள் எழுதுவது பணிச்சுமையையா, மருந்து வேண்டும் நோயையா என்பது அவற்றுக்கே தெளிவில்லை. மனச்சோர்வு என்னும் சொல் இருந்தும் அதனிடத்தை "டென்ஷன்" பிடித்துக்கொண்டது.

நன்னூலார் வழக்கை இயல்பு, தகுதி என இரண்டாகப் பகுத்து, தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக விரிப்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்பகுப்பு இச்சிக்கலுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. "நரம்பு மாத்திரை" என்பது அறியாமையால் விளைந்த சொல் அன்று. அது மங்கல வழக்கு. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கும் வரை, இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத் தகுதியைப் பற்றிய பிரிவு வலிப்பைப் பித்துநிலையோடு ஒரே தொடரில் வைத்திருந்தது. சட்டத்திலிருந்து சொல் நீங்கிற்று. பெண் பார்க்க வருவோர் மனத்திலிருந்து நீங்கவில்லை. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு தாய் தன் மகளின் மருந்தை "நரம்புக்கு" என்றே சொல்வாள். சொல்லிச் சொல்லி மகளுக்கும் அதுவே அதன் பெயராகிவிடும்.

மேசையின் மறுபுறம் இருப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்றது போல, மருத்துவர் சீட்டில் சுருக்கெழுத்தும் வணிகப் பெயரும் எழுதுகிறார். எப்டாயின் என்றால் ஃபெனிட்டாயின், டெக்ரிட்டால் என்றால் கார்பமாசெப்பின், கார்டினால் என்றால் ஃபீனோபார்பிட்டால் என்பது அக்குழுவுக்குள் இருப்பவர்க்கே தெரியும். நோயாளியின் மங்கலமும் மருத்துவரின் குழூஉக்குறியும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுகின்றன. இயல்பு வழக்கு, அதாவது மருந்தின் பொதுப்பெயர், அந்த அறையில் ஒலிப்பதே இல்லை.

நோயின் பெயரால் மருந்தை அழைக்கும் பழக்கம் இதை மேலும் சிக்கலாக்குகிறது. அமிட்ரிப்டிலின் ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் தரப்படுகிறது. டுலாக்செட்டின் நீரிழிவால் வரும் கால் எரிச்சலுக்கு. கார்பமாசெப்பின் முகநரம்பு வலிக்கு. வால்புரோயேட் இருமுனை மனநோய்க்கும் தலைவலிக்கும். "வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்ற வினாவுக்கு முகவலிக்காகக் கார்பமாசெப்பின் உண்பவர் "இல்லை" என்றே விடையளிப்பார். அவர் பொய் சொல்லவில்லை, வினாதான் பிழையானது.

இரண்டு மருந்துக் கூட்டங்களும் ஒன்றுக்கொன்று அயலானவை என்னும் எண்ணமும் சரியன்று. முதல் முவ்வளைய மனச்சோர்வு மருந்தாகிய இமிப்ரமினும், வலிப்பு மருந்தாகிய கார்பமாசெப்பினும் 1950களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக் கெய்கி நிறுவனத்திலிருந்தே வெளிவந்தவை. இரண்டின் மூலக்கூறும் முவ்வளைய அமைப்புடையது. பிறப்பால் உறவினரான இவற்றை நோயின் பெயர்தான் இரு வேறு வாசல்களுக்குப் பிரித்து அனுப்பியது.

இப்போது இதைத் தில்லிக்குக் கொண்டுவந்து பாருங்கள். நான் தங்கியிருக்கும் மந்திர் மார்க்கில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. பிர்லா மந்திரைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை. வேறொரு திசையில் லேடி ஹார்டிங்கே. நாட்டின் சிறந்த மருத்துவ வசதிகள் சூழ்ந்த பகுதி. இங்கே மகன் வீட்டுக்கு வந்து தங்கும் ஒரு தமிழ் மூதாட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து வருபவர் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவருக்கு ஃபெனிட்டாயின் கொடுக்கப்பட்டது. அட்டையிலிருந்து வெட்டிக் காகித உறையில் போட்டுத் தந்தார்கள். வெட்டிய துண்டில் பெயர் இல்லை. கணவர் இறந்தபின் உறக்கமும் பசியும் அற்றுப்போன அவரை மகன் இங்குள்ள ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். வேறு ஏதேனும் மருந்து ஓடுகிறதா என்று மருத்துவர் இந்தியில் கேட்கிறார். மகன் தாயிடம், "அம்மா, வேற மாத்திரை ஏதாவது சாப்புடுறியா?" என்கிறார். "நரம்பு மாத்திரைதாம்ப்பா." மகன் அதை "நஸ் கீ தவா" என்று மொழிபெயர்க்கிறார்.

அம்மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் இல்லை. சொல்லுக்குச் சொல் சரி. வட இந்தியாவிலும் "நஸ் கீ தவா" என்பது இதே மங்கலத்தோடு வழங்குவதுதான். சத்து மாத்திரை போலும் என்று மருத்துவர் கடந்து செல்கிறார். "மிர்கி" என்று கேட்டிருந்தால் மகனுக்கே அச்சொல் தெரிந்திருக்குமா என்பது ஐயம். "தௌரா" என்று கேட்டிருந்தால், அது மாரடைப்புக்கும் வழங்கும் சொல்லாகையால் "இல்லை" என்றிருப்பார். மூவரும் தத்தம் கடமையைச் செய்தனர். ஆனால் ஃபெனிட்டாயின் என்னும் பெயர் அவ்வறைக்குள் நுழையவே இல்லை.

மருந்து மோதலைக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று மாணவ நண்பர்கள் கேட்பர். இருக்கின்றன. உள்ளிடப்பட்ட மருந்துகளை மட்டுமே அவை அறியும். வலிப்பைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் பெயரற்ற பொடிகளின் நிலை இன்னும் மோசம். அவற்றுட் சிலவற்றில் ஃபீனோபார்பிட்டால் போன்ற ஆங்கில மருந்துகள் கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. "நாட்டு மருந்துதான்" என்னும் விடைக்குள்ளும் ஒரு நொதிப் பெருக்கி ஒளிந்திருக்கலாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய மருத்துவ மன்றம் 2016இல் தன் நெறிமுறையைத் திருத்தி, மருந்துகளைப் பொதுப்பெயரால், தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்றது. 2023 ஆகஸ்டு 1 முதல், பெரிதும் விற்பனையாகும் 300 வணிகப் பெயர்களின் மேலுறையில் க்யூஆர் குறியீடு கட்டாயமாயிற்று. அக்குறியீட்டில் இருக்க வேண்டியவை மருந்தின் பெயர், உற்பத்தியாளர், தொகுதி எண், காலாவதி நாள் போன்றவை. போலி மருந்தைத் தடுக்க அது உதவும். எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பதை அது சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை. நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. தொழில்நுட்பம் வந்துவிட்டது; அதில் ஏற்ற வேண்டிய சொற்களை எவரும் கேட்கவில்லை.

அச்சொற்களை ஆக்கித் தர வேண்டியவர்கள் நாம். இப்பதிவின் கோரிக்கை முதன்மையாகத் தமிழ்த் துறைகளையும் மொழியியல் துறைகளையும் நோக்கியதுதான்.

நம் கலைச்சொல் முயற்சிகள் மருந்து வகைகளுக்குத் தமிழாக்கம் தேடுவதிலேயே நின்றுவிட்டன. மனச்சோர்வு நீக்கி, உளச்சோர்வு போக்கி, வலிப்படக்கி, வலிப்பெதிர்ப்பி என்று ஒன்றுக்கு இரண்டு சொற்கள் உண்டு. பாடநூலுக்கு அவை தேவை, மறுக்கவில்லை. ஆனால் உயிர் காப்பது வகைப்பெயர் அன்று, தனிப்பெயர். அந்தத் தனிப்பெயரை எப்படி எழுதுவது என்பதில் நம்மிடம் ஒழுங்கு இல்லை. ஃபெனிட்டாயின், பெனிடோயின், பினைட்டாயின், ஃபினிடாய்ன் என்று ஒரே மருந்து நான்கு உருவில் அலைகிறது. தேடுபொறியில் ஒன்றை இட்டால் மற்றொன்று கிடைக்காது. வல்லின ஒலிப்பு வேறுபாட்டை எழுத்தில் காட்டாத நம் வரிவடிவத்தில் இச்சிக்கல் இயல்பு. ஆகவேதான் நிலைத்த எழுத்துக்கூட்டல் பிற மொழிகளைவிட நமக்கு மிகுதியும் தேவைப்படுகிறது.

பொதுப்பெயர்களுக்குள்ளேயே ஓர் இலக்கணம் இருக்கிறது என்பதையும் மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் பொதுப்பெயர் முறை 1953 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் ஈற்றசை பொருளுடையது. ஃப்ளுவாக்செட்டின், டுலாக்செட்டின் ஆகியவற்றின் "ஆக்செட்டின்" என்னும் ஈறு ஒரு மனச்சோர்வு மருந்துக் குடும்பத்தைக் காட்டும். ஃபெனிட்டாயினின் "டாயின்" ஒரு வலிப்பு மருந்துக் குடும்பத்தைக் காட்டும். வணிகப் பெயர்கள் இந்த இலக்கணத்தைக் கலைத்துவிடுகின்றன. நம் சந்தையில் "ஆக்செட்டால்" என்று ஒரு பெயர் உண்டு. காதுக்கு அது ஃப்ளுவாக்செட்டினின் உறவு போல ஒலிக்கும். உண்மையில் அது ஆக்ஸ்கார்பசெப்பின் என்னும் வலிப்பு மருந்து. தமிழ் எழுத்துக்கூட்டல் ஈறுகளின் ஒற்றுமையைக் காக்குமானால், படிக்கத் தெரிந்த எந்த நோயாளியும் இனம் காணக்கூடிய ஒரு குறிப்பு அவர் கையில் இருக்கும்.

இதற்குப் பெரும் நிதி வேண்டாம். மூளை, மனம் சார்ந்த மருந்துகளில் அன்றாடம் எழுதப்படுபவை ஐம்பது அறுபதுக்கு மேல் இரா. ஒரு மொழியியல் துறையும் ஒரு மருந்தியல் துறையும் ஒரு பருவத்துக்குச் சேர்ந்து உழைத்தால், அவற்றின் பொதுப்பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், தில்லி போன்ற இடங்களுக்கு இந்தியிலும், ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு கையேடாக்கிவிடலாம். கூடவே நோயாளி சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை: மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்காக, எப்போதிலிருந்து, எந்த ஊர் மருத்துவர் எழுதியது. முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

வினாவையும் மாற்ற வேண்டும். "வேறு மருந்து உண்டா?" என்பதைவிட, "உங்களுக்கு எப்போதாவது நினைவு தப்பிக் கைகால் வெட்டி இழுத்ததுண்டா? அதற்கோ, தலைவலிக்கோ, கால் எரிச்சலுக்கோ, தூக்கத்துக்கோ தினமும் விழுங்கும் மாத்திரை எது? அந்த அட்டையைக் காட்டுங்கள்" என்பது சிறந்த வினா. மங்கலச் சொல்லை மதித்தே அதற்கு அப்பால் செல்லும் வினா அது. வெறும் அரை நிமிடம் கூடுதலாகும்.

"இவற்றையெல்லாம் தெரிவித்தால் நோயாளிகள் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவர்" என்னும் மறுப்பைப் பொருட்படுத்த வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே கேடாகலாம். மனச்சோர்வு மருந்தையும் தானாக நிறுத்தலாகாது. ஆகவே அட்டையின் முதல் வரியே "நிறுத்தாதீர்கள், காட்டுங்கள்" என்று இருக்க வேண்டும். ஆனால் அறியாமையில் வைத்திருப்பதை அச்சத்துக்கு மருந்து என்று நான் ஏற்க மாட்டேன். பெயர் தெரியாத மாத்திரையை நிறுத்துவதுதான் எளிது. என்ன உண்கிறோம், எதற்காக உண்கிறோம் என்று அறிந்தவருக்கு அதைக் கைவிடத் தயக்கம் இருக்கும்.

வலிப்பும் மனமும் ஒரே கூரையின்கீழ் பார்க்கப்படுவது நாட்டில் புதிதன்று. பெங்களூரின் நிம்ஹான்ஸ் 1974 முதல் அவ்வாறுதான் இயங்குகிறது. தில்லியில் தில்ஷாத் கார்டனிலுள்ள இப்ஹாஸ் நிறுவனத்திலும் மனநலத் துறையும் நரம்பியல் துறையும் சேர்ந்தே உள்ளன. ஆனால் எல்லா நோயாளிகளும் அங்கே போய்ச் சேர முடியாது. கூரை இணையாத இடங்களில் தாளாவது இணைய வேண்டும்.

இதை வாசிப்பவர்களுக்கு இன்றே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரைகளை எடுத்து, ஒவ்வொன்றின் பொதுப்பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அட்டையை வெட்டும்போது பெயர் உள்ள பகுதியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய மருந்து சேர்ந்த சில வாரங்களில் தள்ளாட்டம், குழறல், குழப்பம், புதிதாக வலிப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் இரு மருந்துகளின் பெயரையும் ஒரே மருத்துவரிடம் ஒருசேரச் சொல்லுங்கள். பக்கவிளைவை நோயாளியே தெரிவிப்பதற்கு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் தமிழ்ப் படிவம் இருக்கிறது. 1800-180-3024 என்பது கட்டணமில்லாத் தொலைபேசி எண். தமிழில் படிவம் இருந்தும் அதில் எழுதுவதற்கு மருந்தின் பெயர் நம் மக்களிடம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கையேட்டுப் பணியில் சேர விரும்பும் மருந்தியல், மொழியியல் மாணவர்கள் பின்னூட்டத்தில் தெரிவிக்கவும். எழுத்துக்கூட்டல் பற்றிய மாற்றுக் கருத்துகளை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்.